புதுப்பிப்பு: பைன் கன்றுகள் மீது நான் போட்ட பழி

சென்ற மாதம் எழுதியது நினைவிருக்கலாம். பின்லாந்தில் என் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்காட்ஸ் பைன் கன்றுகளுக்கு ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தினேன். அவை வெளியிடும் மோனோடெர்பீன்கள் (பிசின் வாசனை தரும், எளிதில் ஆவியாகும் சேர்மங்கள்) மளமளவென்று கூடின. வறட்சிதான் காரணம் என்று துள்ளிக் குதித்திருந்தேன். அந்தக் குதிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

தவறு என் கையில். நீர் ஊற்றிய கன்றுகளுக்கு முந்தின நாளே, வெளிவரும் வாயுவைப் பிடிக்கும் டெஃப்லான் பை கட்டியாகிவிட்டது. வாடிய கன்றுகளுக்கோ, கட்டிய அரைமணி நேரத்திலேயே காற்று மாதிரியை உறிஞ்சிவிட்டேன். பைன் ஊசியிலைக்குள் பிசின் நாளங்கள் ஓடுகின்றன; பையை இறுக்கிக் கட்டும்போது நாலைந்து இலை மடங்கினாலே ஆல்பா-பைனீன் என்ற மோனோடெர்பீன் கொட்டும். விரலில் டர்பன்டைன் வாடை அடித்தது. அதை ரசித்தேனே தவிர யோசிக்கவில்லை. 1995 முதல் அளந்துவரும் ஹூட்டியாலா காட்டு ஆய்வு நிலையத்தில் வாயு அளக்கும் கூண்டுகளைக் கிளையிலேயே நீண்ட நாள் விட்டுவைப்பதன் அருமை இப்போதுதான் உறைக்கிறது.

இம்முறை எல்லாவற்றுக்கும் பை கட்டி, 24 மணி நேரம் விட்டு அளந்தேன். வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. மிச்சமுள்ள சிறு உயர்வுக்கும் சூடு காரணமாக இருக்கலாம்: இலைத்துளை மூடினால் நீராவிப்போக்கு குறையும், இலை சூடேறும், சேமித்த மோனோடெர்பீன் கூடுதலாக ஆவியாகும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கிளையிலும் வெப்ப உணரி.

ஓக் மரம் வெளியிடும் ஐசோபிரீன் என்ற வாயுவை அளப்பதிலும் இதே தொல்லை உண்டா என்று கேட்டவருக்கு: அது சேமிப்பிலிருந்து வருவதில்லை. ஒளிச்சேர்க்கையோடு சேர்ந்தே உருவாகி உடனே வெளியேறிவிடும். ஆகவே அங்கே இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை.