மறு: ஸ்டூடியம் ஜெனெராலே: 'பொதுக் கல்விக்கூடம்' பொருந்துமா?

> யூனிவர்சிதாஸ் = பல்கலைக்கழகம், ஸ்டூடியம் ஜெனெராலே = பொதுக் கல்விக்கூடம். இவற்றை முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமா?

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இடைக்கால ஐரோப்பியக் கல்வி பற்றிய இந்த இரண்டு லத்தீன் சொற்களுக்கும் நீங்கள் தந்த தமிழ் இடிக்கிறது.

'பல்கலை' என்றதும் பல பாடங்கள் சொல்லித்தரும் இடம் என்றுதான் மனம் போகிறது. முன்பு புழங்கிய 'சர்வகலாசாலை'யும் அதே தடம். ஆனால் இடைக்கால லத்தீனில் யூனிவர்சிதாஸுக்கும் பாடங்களுக்கும் தொடர்பே இல்லை. சட்டத்தின் முன் ஓர் ஆளாக நிற்கக்கூடிய கூட்டம், அவ்வளவுதான். கைவினைஞர் சங்கத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. பாரிசில் அது ஆசிரியர் கையிலிருந்த சங்கம். இத்தாலியின் பொலோனியாவில் மாணவர் சங்கம், அதுவும் வெளியூர் மாணவருக்கு மட்டும். உள்ளூர்ப் பையன்களுக்குத்தான் நகரத்தின் பாதுகாப்பு இருந்ததே.

அந்த மாணவர் சங்கம் லேசுப்பட்டதல்ல. மணி அடித்த பிறகு வகுப்பைத் தொடங்கினால் ஆசிரியருக்கு அபராதம். முடிக்கும் மணி அடித்தும் பேச்சை நிறுத்தாவிட்டால் அதற்கும் அபராதம். வெளியூர் போக வேண்டுமா? திரும்பி வருவேன் என்பதற்குப் பணத்தை ஈடாகக் கட்டிவிட்டுப் போக வேண்டும். (நான் வாத்தியார் வேலை பார்த்தவன். படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது.)

சட்ட மாணவர்களுக்கு மட்டும் அங்கே இரண்டு யூனிவர்சிதாஸ்: ஆல்ப்ஸ் மலைக்கு இப்புறத்தார், அப்புறத்தார். இதைப் 'பல்கலைக்கழகம்' என்று பெயர்த்தால் ஊரில் இரண்டு பல்கலைக்கழகம் இருந்ததென்று வாசகர் எண்ணுவார். ஆகவே 'பல்கலை'யைக் கழற்றிவிடுவோம். மாணாக்கர் கழகம், ஆசிரியர் கழகம் போதும்.

இனி ஸ்டூடியம் ஜெனெராலே. கல்வி நடந்த இடத்துக்கான பெயர் இதுதான். 'ஜெனெராலே'யைப் பார்த்ததும் 'பொது' என்று கை தானாக எழுதிவிடுகிறது. எல்லாப் பாடமும் இருந்தால் அப்படிச் சொல்லலாம். பாரிசில் ரோமானியச் சட்டம் கற்பிக்க 1219இல் போப் மூன்றாம் ஹொனோரியஸ் தடை போட்டார். பொலோனியாவில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை இறையியல் பீடமே இல்லை. இருந்தும் இரண்டும் ஸ்டூடியம் ஜெனெராலேதான். 'ஜெனெராலே' பாடத்தைக் குறிக்கவில்லை, வந்து சேரும் ஆட்களைக் குறிக்கிறது. எந்தத் தேசத்தானும் வரலாம் என்பதே பொருள். பிறகு இன்னொன்றும் சேர்ந்தது: 1233இல் போப் ஒன்பதாம் கிரகோரி பிரான்சின் துலூஸ் கல்விக்கூடத்துக்குக் கொடுத்த உரிமை. அங்கே தேறியவர் வேறெங்கும் மறுதேர்வு எழுதாமல் கற்பிக்கலாம். ஆக, வருகிறவருக்கும் எல்லை இல்லை, தேறிப் போகிறவருக்கும் எல்லை இல்லை.

எதிர்ச்சொல்லை வைத்து உரசிப் பார்க்கலாம். அக்கம்பக்கத்து மாணவரை மட்டும் சேர்த்த இடம் ஸ்டூடியம் பர்திகுலாரே. 'பொதுக் கல்விக்கூடம்' என்றால் இது 'சிறப்புக் கல்விக்கூடம்' ஆகிவிடும்; காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி என்று படிப்பவர் நினைப்பார்.

என் பரிந்துரை: எந்நாட்டார் கல்விக்களம், உள்ளூரார் கல்விக்களம். 'நானாதேசிக் கல்விச்சாலை' என்றும் ஆசை வந்தது. பல தேசத்தார் என்று பொருள், அதே காலத்துச் சொல், அழகாகவும் இருக்கிறது. ஆனால் நம் கல்வெட்டுகளில் அது வணிகரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மிளகு வாசனை போகாது.

---

'எந்நாட்டார்' பிடித்திருக்கிறது அண்ணா. இரண்டு சின்னச் சந்தேகம். குறளில் 'கழகம்' சூதாடும் இடம் ஆயிற்றே? அப்புறம், 'களம்' என்றால் எனக்குக் கதிரடிக்கும் களமும் வைக்கோற்போரும்தான் கண்ணில் நிற்கின்றன. 'சாலை' போதாதா?

---

கழகத்தின் சூதாட்டத்தை இன்று யாரும் நினைப்பதில்லை தங்கச்சி, அதை விட்டுவிடலாம். 'சாலை' வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 'சாலை' கேட்டால் கட்டடம் தெரிகிறது. தொடக்கத்தில் இவர்களுக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. வாடகை அறை, ஆசிரியர் வீடு, சில நேரம் தேவாலயம். கோபம் வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கூட்டமாக வேறு ஊருக்குப் போய்விட முடிந்ததும் அதனால்தான். 1229இல் பாரிஸ்காரர்கள் அதைச் செய்தே காட்டினார்கள்.

வைக்கோலைப் பற்றிச் சொன்னீர்களே, அது தானாகவே பொருந்திவிட்டது. பாரிசில் கலைப்பிரிவு மாணவர்கள் தரையில் வைக்கோல் பரப்பி அதன் மேல் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அந்தத் தெருவுக்கே வைக்கோல் தெரு என்றுதான் பெயர். களமே இருக்கட்டும்.