சென்னை–பலாலி: ஒன்றேகால் மணி நேரப் பயணம்

என் கணவரின் ஊர் இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள சுன்னாகம். கல்யாணமான புதிதில் அங்கே போவதென்றால் கொழும்பு வழிதான். சென்னையிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் பறந்து, யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்குவோம். அப்புறம் சாலை வழியாகக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரவேண்டும். வானத்தில் ஒன்றரை மணி நேரம், தரையில் ஒரு ராத்திரி முழுக்க. கைக்குழந்தையோடு அந்த இரவு பஸ்ஸில் போனவர்களுக்குத்தான், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பலாலிக்குப் போகும் விமானத்தின் அருமை தெரியும்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். கொரோனாவால் 2020 மார்ச்சில் சேவை நின்றது. மறுபடி தொடங்க 2022 டிசம்பர் ஆகிவிட்டது.

நேர்க்கோட்டில் பார்த்தால் சென்னைக்கும் பலாலிக்கும் 350 கிலோமீட்டர் சொச்சம்தான். "அதற்கு எதற்கு ஒன்றேகால் மணி நேரம்? கொழும்புக்கே கிட்டத்தட்ட அவ்வளவுதானே ஆகிறது" என்று பலர் கேட்கிறார்கள். கொழும்புக்குப் பெரும்பாலும் ஜெட் போகிறது. பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கும் விசிறி விமானம். அதோடு, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் அதில் சேரும். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் அந்தக் குழப்பம் கிடையாது.

போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். இறக்கை மேலே இருப்பதால் கீழே மறைக்காது. நான் போன அன்று வானம் தெளிவாக இருந்தது. கரையோரமாகவே வந்து, கோடியக்கரை மூக்கு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அடுத்த கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிட்டது. பனைமரங்கள், நடுநடுவே செம்மண் தோட்டங்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் பின் இருக்கையில் ஒரு பெரியவர் சத்தமாக அழுதுவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமி காலையிலேயே போன் செய்து, "பிள்ளை, வெளிக்கிட்டிட்டியளோ?" (கிளம்பிவிட்டீர்களா?) என்று கேட்பார். முன்பெல்லாம் மறுநாள் காலைக்குத்தான் இடியப்பம் அவித்து வைப்பார். இப்போது அன்றைக்கே மத்தியானம் அவர் கையால் மீன்குழம்பு.

ஆனால் வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டால் ஆறேழு மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். சின்ன விமானம், மூட்டை முடிச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போகிறவர்கள் அன்றைக்கே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

டெல்டா பக்கத்து ஆட்களுக்கு நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது, 111 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் போல ஆகும். திருச்சியிலிருந்தும் 2025 மார்ச் கடைசியில் பலாலிக்கு நேர் விமானம் தொடங்கினார்கள். அங்கிருந்து தூரம் இன்னும் குறைவு, 200 கிலோமீட்டர்கூட வராது.