இஸ்திரி போட்ட பழைய ரூபாய் நோட்டை யுஎன்சி (புழங்காத புத்தம்புது நோட்டு) என்று நீட்டினார்கள். உங்களுக்கும் நடந்ததா?

புதுவை நோட்டு:
போன ஞாயிறு காந்தி வீதிச் சந்தை. இந்தோசீன வங்கியின் ஒரு ரூபாய், நம்ம பிரெஞ்சுக்காலத்து நோட்டு. "யுஎன்சி சார், மடிப்பே கிடையாது" என்றார் கடைக்காரர். நேராகப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். நட்டநடுவில் மேலிருந்து கீழாக, பழைய மடிப்பு இருந்த கோட்டில், மை விட்டுப்போய்த் தாளின் நிறம் தெரிகிறது. அதற்கு இடமும் வலமும் அதே மாதிரி இன்னும் மங்கலாக. ஓரத்தைப் பிடித்து அசைத்தால் மொடமொடப்பே இல்லை, துவண்டு விழுகிறது. நனைத்து இஸ்திரி போட்டிருக்கிறார்கள். மடிப்போடு விட்டிருந்தால் மரியாதையான வி.எஃப் (புழங்கினாலும் நல்ல நிலையில் உள்ள) நோட்டு அது. இத்தனை வருடம் தாங்கிய தாளை எவனோ பெட்டியை வைத்துக் கெடுத்துவிட்டான். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

மஞ்சக்குப்பத்தான்:
எனக்கு நேர்மாறு. தாத்தா வைத்திருந்த பாய்மரக் கப்பல் பத்து ரூபாய், வங்கிக் கட்டிலிருந்து உருவியதோடு சரி, புழங்கவே இல்லை. டீலர் லென்ஸ் வைத்து ஓரத்தில் ஸ்டேப்பிள் ஓட்டையைப் பார்த்தார். உடனே வி.எஃப் என்று முடிவு கட்டி, நோட்டு உள்ளே இருக்கும்போதே கவர்மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினார். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்க்கிறேன், வெள்ளைப் பகுதியில் அந்த எழுத்தின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது. அன்றைக்கு வங்கிகளே ஸ்டேப்பிள் அடித்துத்தானே கட்டுகளைக் கொடுத்தன? ரிசர்வ் வங்கி சுத்தமான நோட்டுக் கொள்கை கொண்டுவந்த பிறகல்லவா அதை நிறுத்தச் சொன்னார்கள்?

பழைய தாள்:
மஞ்சக்குப்பம் நண்பரே, வங்கி போட்ட ஓட்டை என்றாலும் ஓட்டை ஓட்டைதான். ஓட்டையே இல்லாத கட்டு நோட்டும் கிடைக்கிறது, இரண்டுக்கும் ஒரே விலையா? என்னிடம் ஒருவர் டிராக்டர் ஐந்து ரூபாயை ஓட்டையைச் சொல்லாமல் விற்றார், கவரைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஐபிஎன்எஸ் (நோட்டுச் சேகரிப்பாளர்களின் சர்வதேசச் சங்கம்) கிரேடிங் முறையிலேயே ஸ்டேப்பிள் ஓட்டை, எழுத்து, டேப் தடம் எல்லாவற்றையும் கிரேடோடு சேர்த்துத் தனியாகக் குறிப்பிடச் சொல்கிறார்கள். கழுவியது, இஸ்திரி போட்டது என்றால் கிரேடும் இறங்கும், விலையும் இறங்கும்.

ஓ.டி. வாசி:
எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் பார்த்தேன், 1978இல் செல்லாமல் போன நோட்டு. லேமினேஷன் செய்து பூஜை அறையில் மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி, சரியாகக் கோபுரத்தின்மேல். அதைப் பார்த்ததிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை தாளில் ஊறிப் பழுப்பாகும். பிவிசி ஆல்பம் மலிவுதான், ஆனால் நாளாக ஆக நோட்டு அதில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். மைலார் (பாலியெஸ்டர்) கவர் வாங்குங்கள். நம்ம கடலோர ஊரில் ஈரக்காற்று வேறு, மழைக்காலம் முடிவதற்குள் தாளில் பழுப்புப் புள்ளி வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். கவரில் எழுத வேண்டியதை நோட்டை வெளியே எடுத்துவிட்டு எழுதுங்கள். விற்பவர் என்ன கிரேடு சொன்னாலும் சரி, கவரிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

புதுவை நோட்டு:
ஓ.டி. அண்ணே, நான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இஸ்திரி போட்டது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சார் விக்கிறாங்க" என்றார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மஞ்சக்குப்பத்தான்:
பழைய தாள் ஐயா, ஓட்டையைத் தனியாக எழுதட்டும், விலையையும் குறைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் லேசான மூன்று மடிப்பு இருந்தால்கூட எக்ஸ்எஃப் (வி.எஃப்-க்கு மேலான கிரேடு) என்பதும் அதே ஐபிஎன்எஸ் கணக்குதானே? மடிப்பே இல்லாத நோட்டு எப்படி ஐயா வி.எஃப் ஆகும்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.