கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

ஏரிக்கரை:
என் பதில்: சேந்தன் அமுதன் உத்தம சோழனாகும் ஆள்மாறாட்டம். தஞ்சை நந்தவனத்தில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த பையன் ஐந்தாம் பாகத்தில் கிரீடம் சூடுவது ஒட்டவே இல்லை. செம்பியன் மாதேவியின் மகனாக வளர்ந்த மதுராந்தகனையே அரியணையில் உட்காரவைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

கல்வெட்டுப்பித்தன்:
அரியணையை விட்டுக்கொடுத்த அருள்மொழியின் (பின்னாளில் ராஜராஜன்) தியாகம் கெட்டுப்போயிருக்கும். முதல் பாகத்திலேயே மூடுபல்லக்கில் கடம்பூருக்கு வந்து, நள்ளிரவுச் சதிக்கூட்டத்தில் தலைகாட்டியவன் மதுராந்தகன். அவனுக்கு நாட்டைத் தூக்கிக் கொடுத்தால் அது தியாகமா, ஏமாளித்தனமா?

சரித்திரச் சிக்கலும் உண்டு. அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலைக்கும் ராஜராஜன் ஆட்சிக்கும் இடையில் 15 ஆண்டுகள் போல ஆண்டவர் உத்தம சோழர். அதனால்தான் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கொலையில் அவர்மேல் சந்தேகப்பட்டார்; இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. சரித்திரத்தில் மதுராந்தகனும் உத்தம சோழரும் ஒரே ஆள்; கல்கி அவரை இரண்டாகப் பிரித்தார்: ஆசையையும் சதியையும் போலி மதுராந்தகனிடம் கொடுத்துவிட்டு, உத்தம சோழர் என்ற பெயரை மாசில்லாமல் அமுதனுக்கு வைத்துக்கொண்டார். நீங்கள் சொல்வதுபோல் எடுத்துவிட்டால், கொலைப்பழி எங்கே போய் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

(கதைத் தொடக்கத்தில் கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த வீரநாராயண ஏரிக்குப் பக்கத்தில்தான் உடையார்குடியே இருக்கிறது.)

மறுவாசிப்பு:
ஆள்மாறாட்டம் இருக்கட்டும். அது வாசகனுக்குத் தெரியவரும் இடத்தைத்தான் நான் மாற்றுவேன். செம்பியன் மாதேவி ‘உனக்கு அரியணை வேண்டாம்’ என்று மகனிடம் மன்றாடும் இடங்கள், காரணம் தெரியாமல் படிக்கும்போது கணவர் சொல்லைக் காக்கும் பிடிவாதமாகவே தெரிகின்றன. இறந்ததாக நினைத்து வாணி (அமுதனை வளர்த்தவள்) எடுத்துச் சென்ற செம்பியன் மாதேவியின் குழந்தைக்கு உயிர் இருந்தது என்பதை மட்டும் மூன்றாம் பாகக் கடைசியில் வாசகனுக்குச் சொல்லிவிட்டால், அதே வசனங்களுக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும்.

கவனம், முழுவதையும் அங்கே அவிழ்க்கக் கூடாது. அதன் இடத்தில் மாற்றி வைத்த குழந்தை (மதுராந்தகன்) ஊமைப்பெண் மந்தாகினி பெற்றது என்று சொன்னால், கூடப் பிறந்தவள் பழுவூர் இளையராணி நந்தினி என்பதும் வெளியே வந்துவிடும். கடம்பூர் மாளிகையில் கரிகாலனும் நந்தினியும் பேசும் காட்சி பிறப்பு ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது, அது தளர்ந்துபோகும்.

ஏரிக்கரை:
அப்படிச் செய்தால் எனக்குச் சம்மதம். கரிகாலன் சாகும், விளக்கணைந்த அந்தக் கொலைக்காட்சியை யாரும் தொடமாட்டீர்களா?

கல்வெட்டுப்பித்தன்:
தொடக் கூடாது. கடம்பூர் இளவரசி மணிமேகலை ‘கொன்றது நானே’ என்கிறாள், நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறார். கல்வெட்டு துரோகிகளின் பெயரைத்தான் தருகிறது; யார் கை, எந்த ஆயுதம் என்று இல்லை. கல்கி இருட்டாக்கியது அந்த இடத்தை மட்டும்தான்.

வாணர்குலம்:
நான் வெட்டுவதற்குப் பதில் சேர்ப்பேன். அருள்மொழியின் அக்காள் குந்தவை வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. ஐந்து பாகம் காத்திருந்தவனுக்கு ஒரு கல்யாணச் சாப்பாடு கிடையாது. கடைசி அத்தியாயத்தில் மணிமேகலையின் சாவுதான்.