சிம்ப்சன்ஸ் பகடிகள்: அசல் படத்தை முதலில் காட்டணுமா, பிறகு காட்டணுமா?

கேட்டவர்: கொல்லைப்புற_மல்லி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 13 வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்து சிம்ப்சன்ஸ் என்கிற அமெரிக்க கார்ட்டூன் தொடரில் ஒரு எபிசோட் பார்ப்போம், அதற்கு மேல் கிடையாது. நாலாவது சீசனில் ஆரம்பித்தோம், இப்போது ஐந்தில் இருக்கிறோம்.

போன வாரம் சைட்ஷோ பாப் ஜெயிலிலிருந்து வந்து சிம்ப்சன் குடும்பத்துப் பையன் பார்ட்டைக் கொல்லத் துரத்துகிற 'கேப் ஃபியர்' எபிசோட். காருக்கு அடியில் தன்னைக் கட்டிக்கொண்டு கள்ளிக்காடெல்லாம் உரசிக்கொண்டு வந்த பாப், வெளியே ஊர்ந்து வந்து எழுந்ததும் சருகு வாருகிற கம்பை மிதிக்கிறான். அது முகத்தில் அடிக்கிறது. திரும்பினால் இன்னொரு கம்பு. மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தி, "இது 'கேப் ஃபியர்'னே ஒரு படத்தோட பகடிடா, அதில் ராபர்ட் டி நீரோ இப்படித்தான் காருக்கு அடியில் தொங்கிக்கிட்டு வருவார்" என்று ரெண்டு நிமிடம் விளக்கினேன். மறுபடி ஓடவிட்டபோது அவன் சிரிக்கவில்லை. மறுநாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அம்மா, இன்னைக்கு நிறுத்தாம பார்க்கலாமா?" என்றான். அது எனக்குச் சுருக்கென்றது.

காலேஜ் ஹாஸ்டலில் இதே தொடரை ஒன்றும் புரியாமல் பார்த்துச் சிரித்தவள் நான். எவ்வளவு தவறவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். அசல் படங்களை முன்னாலேயே காட்டிவிடலாமா? இல்லை, அப்படியே விட்டுவிடலாமா? அதோடு, 1990-களில் வந்த கார்ட்டூன் ஏன் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய படங்களையே இவ்வளவு தொடுகிறது?

---

பதில்: கீபோர்ட்காரன்

சகோதரி, நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்ட் வாசிப்பவன். எனக்கு எல்லாம் காது வழியாகத்தான் ஏறும். சைட்ஷோ பாப் வரும்போதெல்லாம் பித்தளை வாத்தியங்களில் நாலு சுரம் கனமாக மேலிருந்து இறங்கி வருமே, அதைக் கேபிள் டிவியில் கேட்டுவிட்டு, வீட்டில் இருந்த சின்ன கேசியோவில் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். அந்தக் கார்ட்டூன் வில்லனுக்காகவே போட்ட மெட்டு என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் நண்பன் அறையில் மார்ட்டின் ஸ்கார்செஸியின் 1991 'கேப் ஃபியர்' படத்தைப் போட்டார்கள். டைட்டிலிலேயே அதே நாலு சுரம்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தேடிப் போனால், அந்த இசை 1962-ல் வந்த முதல் 'கேப் ஃபியர்' படத்துக்காக பெர்னார்ட் ஹெர்மன் எழுதியது. அதை 1991 படத்துக்கு எல்மர் பெர்ன்ஸ்டீன் திருத்தி அமைத்தார். 1993-ல் கார்ட்டூன் எடுத்துக்கொண்டது. எனக்கு அது பின்னாலிருந்து முன்னால் வந்து சேர்ந்தது. அதனால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. மெட்டு ஏற்கெனவே விரலில் இருந்ததால், ஹெர்மன் அதை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று உட்கார்ந்து கேட்கப் பொறுமை வந்தது.

இன்னொன்று கவனியுங்கள். நீங்கள் நிறுத்திய அந்தக் கம்பு மிதிக்கிற இடத்துக்கு அசலே கிடையாது. 'கேப் ஃபியர்' படம் ரெண்டிலும் இல்லை. எபிசோட் நீளம் குறைந்துபோனதால் அந்த ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஓட்டி 9 தடவை ஆக்கினார்கள். முதல் ரெண்டு அடிக்குச் சிரிப்பு வரும், நடுவில் அலுக்கும், அதையும் தாண்டிப் போனால் அடக்க முடியாமல் வரும். உங்கள் மகன் சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறான். குழந்தைக்கு எதுவும் தவறவில்லை.

முடிவையும் பாருங்கள். படகில் பார்ட் மாட்டிக்கொண்டதும் கடைசி ஆசையாக, 'எச்.எம்.எஸ். பினஃபோர்' முழுவதையும் பாடிக் காட்டச் சொல்கிறான். அது கில்பர்ட்டும் சல்லிவனும் 1878-ல் போட்ட இசை நாடகம். நடிகர் கெல்ஸி கிராமர் குரலில் பாப் ஒரு பாட்டு விடாமல் பாடுகிறான். அதற்குள் படகு போலீஸ்காரர்கள் இருக்கிற இடத்தில் போய்த் தட்டிவிடுகிறது. பழைய படம் ரெண்டிலும் இப்படி ஒரு முடிவு இல்லை. பாப் தன்னைப் பெரிய கலாரசிகனாக நினைப்பவன், 'பாடு' என்றால் அவனால் மறுக்க முடியாது. கேமரா கோணம், இசை, துரத்தல் எல்லாம் படத்திலிருந்து வந்தவை. பார்ட்டைக் காப்பாற்றுவது மட்டும் பாபின் சொந்தக் குணம். இந்தத் தொடரின் நல்ல பகடிகளை எல்லாம் நான் இப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

1990-லிருந்து 2017 வரை இந்தத் தொடருக்கு இசை பார்த்தவர் ஆல்ஃப் கிளாசன். நிஜ வாத்தியக் குழுவை உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்தவர். காட்சி எவ்வளவு கோமாளித்தனமாக இருந்தாலும் இசையில் கண்சிமிட்டல் இருக்காது, திகில் படத்துக்கு வாசிக்கிற மாதிரியே வாசிப்பார்கள். கச்சேரி மேடையில் நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன்.

பழைய படம் ஏன் என்று கேட்டீர்கள். எழுதி, குரல் பதிந்து, படம் வரைந்து, கொரியாவில் அனிமேஷன் முடித்து ஒரு எபிசோட் வெளிவர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த வாரத்துப் பேச்சை வைத்து எழுதினால் ஒளிபரப்பாகும்போது ஊசிப்போயிருக்கும். 'சவுத் பார்க்' கார்ட்டூன்காரர்கள் ஒரு எபிசோடை ஆறே நாளில் முடிப்பதால் அவர்களுக்கு அது கைகூடும்.

---

பதில்: மூன்றாம்_ஆட்டம்

அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ஒரு எபிசோடுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்கா, ஐந்தாம் சீசனில் அடுத்தடுத்து பார்த்துக்கொண்டு வந்தால் 'ரோஸ்பட்' இதோ வந்துவிடும். தயவுசெய்து அதற்கு முன்னால் 1941-ல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்' காட்டிவிடுங்கள்.

அந்தப் படத்தில் ஒரு பணக்காரர் சாகும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று படம் முழுக்கத் தேடுகிறார்கள். நான் கார்ட்டூனை முதலில் பார்த்தவன். அதில் ஊர்ப் பெரும் பணக்காரரான பர்ன்ஸ் தூக்கத்தில் 'போபோ' என்று முனகுகிறார். சின்ன வயதில் வேறொரு பணக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது பனியில் விட்டுவந்த கரடிப் பொம்மை அது. இதைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனதால், பதிலை அரை மணி நேரத்திலேயே ஊகித்துவிட்டேன். எனக்கு அந்தத் தேடல் கிடைக்கவே இல்லை. இன்றுவரை அந்த வருத்தம் இருக்கிறது. படத்தின் முடிவை இங்கே எழுத மாட்டேன், தம்பி தானே பார்க்கட்டும்.

கார்ட்டூனில் அந்தக் கரடி கை மாறி கை மாறி, ஹிட்லரின் பதுங்குகுழி வரைக்கும் போய், கடைசியில் ஐஸ் மூட்டைக்குள் உறைந்து தொடர் நடக்கிற ஸ்பிரிங்ஃபீல்டு ஊருக்கே வருகிறது. அது பார்ட்டின் கைக்குழந்தைத் தங்கை மாகியிடம் போய்ச் சேர, பர்ன்ஸ் ஊரையே வதைக்கிறார். ஆனாலும் மாகி தானாகவே நீட்டிக் கொடுக்கிறாள். பேசத் தெரியாத குழந்தை. படத்தைப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கை நீட்டுவதன் கனம் தெரியும். அதற்காகவும்தான் படத்தை முதலில் காட்டச் சொல்கிறேன்.

'கேப் ஃபியர்' ரெண்டு படமும், தொடர் பகடி செய்கிற இன்னொரு திகில் படமான 'த ஷைனிங்'கும் இந்த வயதுக்கு வேண்டாம். ஆறாம் சீசன் முதல் எபிசோடுக்கு முன், அது பகடி செய்கிற ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' தாராளமாகக் காட்டலாம்.

---

பதில்: தெற்கு_ரத வீதி

அப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்புவின் பெயர் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) சிறுவனிடமிருந்து வந்தது. மழையில் அக்காவோடு நனைகிற அந்தப் பையனை நினைத்து யாரோ ஆசையாக வைத்த பெயர்.

ஆனால் நான் அமெரிக்காவில் படித்தபோது என் கூடப் படித்த ஒருவன், பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடைக்காரர் குரலில்தான் எனக்கு வணக்கம் சொல்வான். ரெண்டு வருடம். நான் சிரித்து வைப்பேன், அறைக்கு வந்து பேசாமல் இருப்பேன். நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-ல் இதைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்தார். 2020-ல் ஹாங்க் அஸாரியா அந்தக் குரலைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். அவர் இந்தியர் அல்ல.

தொடரை நான் இன்னும் நேசிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும், எபிசோட் முடிந்த பிறகு, மகனோடு பேசுங்கள் அக்கா. ராயின் படத்தையும் காட்டுங்கள். அந்தப் பெயரை அவன் முதலில் அங்கே கேட்கட்டும்.

---

கொல்லைப்புற_மல்லி (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 'சிட்டிசன் கேன்' ரெண்டு ராத்திரியாகப் பார்த்தோம். முதல் ராத்திரி நெளிந்தான். ரெண்டாவது ராத்திரி முடிவில் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்தான். 'ரோஸ்பட்' எபிசோடில் மாகி கரடியை நீட்டியபோது என்னைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவில்லை. 'பதேர் பாஞ்சாலி' பரீட்சை முடிந்ததும் என்று வைத்திருக்கிறோம். அப்பு குரல் பற்றிப் பேசினோம். "அந்த அண்ணா ஏன் அவன்கிட்ட நிறுத்துன்னு சொல்லல?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை 'ரியர் விண்டோ'. காலில் மாவுக்கட்டோடு ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஜன்னலில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்க்கிறதும், ஃபிளாஷ் பல்பை வைத்துக் கொலைகாரனைத் தடுக்கிறதும் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஐந்தாம் சீசனின் மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு, நேற்று ஆறாம் சீசன் முதல் எபிசோடுக்குத் தாவினோம். பார்ட் கால் முறிந்து, தொலைநோக்கியோடு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஃபிளாண்டர்ஸ் வீட்டில் என்னவோ நடக்கிறது. நடுவில் எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஒன்றில், சக்கர நாற்காலியில் ஒருவர், "கிரேஸ், இங்கே வா" என்று கூப்பிடுகிறார்.

மகன் பாய்ந்து ரிமோட்டை எடுத்து நிறுத்தினான். "அம்மா, அது அந்த ஆளு! ஞாயித்துக்கிழமை பார்த்தோமே, அவரேதான்! அவரும் இவனை வேவு பார்க்கிறாரு!" என்று எனக்கு விளக்க ஆரம்பித்தான். முழுசாக ரெண்டு நிமிடம். நான் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தேன்.