விட்ஸ் விடுதியை 72 மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னது சரியா?

செல்வி, லெனேஷியா:
2020 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. துணைவேந்தர் ஆடம் ஹபீப், விடுதி மாணவர்கள் 72 மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும் என்றார். என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி. ஒரு மாடிக்கு ஒரே சமையலறை, வரிசையில் நின்று குளிக்கும் இடம். அங்கே யாரை யாரிடமிருந்து பிரிப்பது? 26ஆம் தேதி நள்ளிரவில் நாடே மூடப்பட்டது. தயங்கியிருந்தால் பிள்ளைகள் அங்கேயே மாட்டியிருப்பார்கள்.

பிரபா, சாட்ஸ்வர்த்:
அக்கா, நோய் தொற்றியிருக்கலாம் என்று தெரிந்த பிள்ளைகளைப் பாட்டி தாத்தா இருக்கிற வீட்டுக்கு அனுப்புவதா பாதுகாப்பு? இதைச் சொல்லித்தான் மாணவர் இருவர் நீதிமன்றம் போனார்கள். மனு தள்ளுபடியானது, சரி. சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. என் அக்கா மகள் வேறொரு பல்கலைக்கழக விடுதியிலிருந்து டோங்காட்டுக்கு நெரிசலான மினிபஸ் டாக்ஸியில் வந்து இறங்கினாள். இரண்டு அறை வீடு, எட்டுப் பேர், பாட்டிக்குச் சர்க்கரை. இவள் சமையலறையில் பாய் போட்டுப் படுத்தாள், இரண்டு வாரம் பாட்டி பக்கமே போகவில்லை. தனித்திரு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளாகவே இருந்தாள்.

செல்வி, லெனேஷியா:
வருத்தமாக இருக்கிறது தம்பி. ஆனால் அந்த வாரம் யாருக்கு என்ன தெரியும்? அறிகுறி தெரியவே 14 நாள் வரை ஆகலாம். நான் அப்போது வேறொரு இடத்தில் விடுதி அலுவலகத்தில் இருந்தேன். முகக்கவசம்கூட எங்கள் கையில் இல்லை. முழு விவரமும் வரட்டும் என்று காத்திருக்கிற தலைவரால் யாருக்கு என்ன லாபம்?

கதிர், மெரிபேங்க்:
வேகம் வேண்டும்தான். ஆனால் நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் எச்.ஐ.வி. காலத்திலேயே ஒன்றைக் கற்றுக்கொண்டோம்: காரணத்தைச் சொல்லாமல் உத்தரவு மட்டும் போட்டால் சனங்கள் நோயை மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். டர்பனில் பல ஆண்டு எச்.ஐ.வி. ஆராய்ச்சி செய்த சலீம் அப்துல் கரீம்தான் அரசின் கொரோனா ஆலோசனைக் குழுவுக்கே தலைவரானார். தொலைக்காட்சியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார், என் அம்மாவுக்கே புரிந்தது. ஒவ்வொரு துணைவேந்தரும் தன் மாணவர்களிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டும். ஜூனில் 33 சதவீத மாணவர்களைப் பல்கலைக்கழகங்களுக்குத் திரும்ப அழைத்தபோது இறுதியாண்டு, ஆய்வகம், மருத்துவப் பயிற்சி என்று காரணத்தோடு வரிசை சொன்னார்கள், அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களே.

பிரபா, சாட்ஸ்வர்த்:
நான் சொல்வதும் அதுதான் அண்ணே. வாசலைத் தாண்டினால் பொறுப்பு முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து படிக்க ஜூனில்தான் இணைய டேட்டா வந்தது, மாதத்துக்குப் பகல் நேரத்துக்கு 10 ஜிபி, இரவு நேரத்துக்கு 20. அதனால் என் அக்கா மகள் நள்ளிரவுக்கு மேல் முற்றத்தில் நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து, சிக்னலுக்காகப் போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பாடங்களை இறக்குவாள். அதிகாலையில் அக்கா டீயோடு போனால் ஸ்டியரிங்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

செல்வி, லெனேஷியா:
மூடியது சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அன்று நாங்கள் வைத்திருந்த படிவம் ஞாபகம் வருகிறது. பெயர், அறை எண், சாவி திருப்பித் தந்தாரா, கையெழுத்து. எங்கே போகிறாய், வீட்டில் வயதானவர் உண்டா என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு பையன் பெட்டியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேசைக்கு முன்னால் நின்றான். நான் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.