ஆர் அண்ட் ஆர் எப்போது செய்வது: வருடத்துக்கு ஒருமுறையா, மாற்றம் வரும்போதா?

பீன்யா_குவாலிட்டி:
பெங்களூரு பீன்யாவில் அலுமினிய ஹவுசிங் மெஷினிங் செய்கிறோம். போர் (உள் துளை) 40 மி.மீ., மொத்த டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வித்தியாசம்) 20 மைக்ரான். போன மாதம் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. எங்கள் போர் கேஜில் எல்லாமே ஓகே. கஸ்டமர் தன் 20 டிகிரி அறையில் அளந்தால் போர் சிறிதாக இருக்கிறது. காலிப்ரேஷன் சர்டிபிகேட் நடப்பில்தான் உள்ளது. ஆனால் ஆர் அண்ட் ஆர் (அதே பீஸ்களைப் பலர் பலமுறை அளந்து, ரீடிங் எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கும் ஸ்டடி) கடைசியாகச் செய்தது பிபிஏபி (புது பாகத்துக்குக் கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் ஆவணங்கள்) கொடுத்தபோது, இரண்டரை வருடம் முன்பு. இனி எப்போதெல்லாம் செய்ய வேண்டும்?

ஜிகணி_ஆடிட்:
வருடம் ஒருமுறை, காலிப்ரேஷனோடு சேர்த்துச் செய்யுங்கள். 10 பீஸ், 3 பேர், ஆளுக்கு 3 முறை, ஆக 90 ரீடிங். அரை நாள் வேலை. "மாற்றம் வந்தால் செய்வோம்" என்று எழுதி வைத்த எத்தனையோ இடங்களில் ஆடிட் செய்திருக்கிறேன். ஆள் மாறியிருப்பார், கேஜ் ரிப்பேருக்குப் போய் வந்திருக்கும், ஸ்டடி மட்டும் இருக்காது. தேதி போட்டால்தான் வேலை நடக்கிறது.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:
இதை ஏற்க மாட்டேன் சார். ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தர நிர்ணயம்) 7.1.5.1.1 பிரிவு கேட்பது, கண்ட்ரோல் பிளானில் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்) உள்ள ஒவ்வொரு வகை அளவீட்டு முறைக்கும் ஆய்வு. வருடாவருடம் என்று அதில் இல்லை. எங்கள் லைனில் ஒரே வருடத்தில் இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர் மாறினார்கள். ஜனவரியில் ஸ்டடியில் உட்கார்ந்தவர்கள் ஜூனில் கேஜைத் தொடுவதே இல்லை. அப்புறம் ஸ்டடியில் சிதறல் 12 சதவீதம் என்று வந்தால் அது யாருடையது? புது ஆள் வந்தாலும், கேஜ் பழுது பார்க்கப்பட்டாலும், டாலரன்ஸ் இறுக்கப்பட்டாலும் அந்த வாரமே செய்ய வேண்டும்.

டூல்ரூம்_20டிகிரி:
நீங்கள் இரண்டு பேரும் சொல்வதைச் செய்திருந்தாலும் இந்த லாட் திரும்பித்தான் வந்திருக்கும். ஆர் அண்ட் ஆர் காட்டுவது சிதறலை. மூன்று பேரும் ஒரே அளவு தப்பாக அளந்தால் ரிசல்ட் 10 சதவீதத்துக்குள் அழகாக வரும்.

தம்பி, கேஜை எதில் ஜீரோ செட் செய்கிறீர்கள்? அளவு தெரிந்த ஸ்டீல் ரிங் என்றால் கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் அலுமினியம் டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், ஸ்டீல் 11.5. வித்தியாசம் 11.5. ஏப்ரல் மதியம் ஷாப்பில் 34 டிகிரி, அதாவது 20-க்கு மேல் 14. 40 மி.மீ. போருக்கு 6.4 மைக்ரான் வருகிறது. டாலரன்ஸில் மூன்றில் ஒரு பங்கு! அங்கே கீழ் எல்லையை ஒட்டி ஓகே ஆன பீஸ் கஸ்டமர் அறையில் ரிஜெக்ட்.

ஒரு நல்ல ஹவுசிங்கை 20 டிகிரியில் சிஎம்எம்மில் (துல்லிய அளவீட்டு இயந்திரம்) அளந்து, ஒப்பிட்டுப் பார்க்கும் மாஸ்டராக ஷாப்பிலேயே வையுங்கள். ஷிஃப்டுக்கு இரண்டு முறை அளந்து சார்ட்டில் புள்ளி வையுங்கள். ஸ்டீல் மாஸ்டர் வைத்தால் இது தெரியவே தெரியாது. ஆர் அண்ட் ஆர் எப்போது என்பதையும் அந்த சார்ட்டே சொல்லும்: புள்ளிகள் சிதற ஆரம்பித்தால் அன்றைக்கே.

ஜிகணி_ஆடிட்:
கணக்கு சரிதான், இதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் அந்த மாஸ்டரை அளப்பவர் ஒருவர்தானே? ஆளுக்கு ஆள் வரும் வித்தியாசத்தை சார்ட் காட்டாது. வருட ஸ்டடியை விடச் சொல்லாதீர்கள்.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:
அதற்குத்தான் புது ஆள் வந்தவுடன் செய்யச் சொல்கிறேன். பத்து மாதம் காத்திருந்தால் அதற்குள் எத்தனை லாட் போயிருக்கும்?

பீன்யா_குவாலிட்டி:
இன்று ஒரே ஹவுசிங்கை அதே ஆளை வைத்து, அதே ஸ்டீல் ரிங்கில் செட் செய்து இரண்டு முறை அளந்தேன். காலை 7 மணிக்கு 22 டிகிரி, மதியம் 3 மணிக்கு 33. மதியம் 5 மைக்ரான் கூடுதலாகக் காட்டியது. திரும்பி வந்த லாட் மதிய ஷிஃப்டில் ஓடியது. மாஸ்டருக்கு ஒரு ஹவுசிங்கை எடுத்து வைத்துவிட்டேன், நாளை சிஎம்எம்முக்குப் போகிறது. புது இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை சேருகிறார், அவரை வைத்து 90 ரீடிங்கும் எடுக்கிறேன். மதியத்திலேயே எடுக்கிறேன்.